திறந்த கதவு மட்டும் போதாது: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியும் பல்கலைக்கழகத்துக்கான ஏணியும்

1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தபோது, அதற்குப் பெயரும் உந்துதலும் தந்தது அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள் கட்சி என்பதை நாம் அறிவோம். 1966 அக்டோபரில் அக்கட்சியைத் தொடங்கிய ஹியூ நியூட்டனும் பாபி சீலும் எங்கே சந்தித்துக்கொண்டார்கள் என்பது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. கலிபோர்னியா மாநிலம் ஓக்லாந்து நகரில் இருந்த மெரிட் கல்லூரியில்தான் அவர்கள் அறிமுகமானார்கள். அது நுழைவுத் தேர்வு இல்லாத, உழைக்கும் மக்களின் பிள்ளைகள் படித்த இரண்டாண்டுக் கல்லூரி. அங்கிருந்து சில மைல் தொலைவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பெர்க்லி வளாகம் இருந்தது.

இரண்டுக்கும் இடையில் சாலை இருந்தது. ஆனால், மெரிட்டில் இரண்டு ஆண்டுகள் படித்த ஒரு கறுப்பின இளைஞர் பெர்க்லியின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் போய் அமர்வது எத்தனை பேருக்கு இயன்றது? நியூட்டன் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் 1974இல் இளங்கலைப் பட்டமும் 1980இல் முனைவர் பட்டமும் பெற்றார். அவரைப் போன்ற ஒருவரைக் காட்டி, வழி திறந்தே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வழியில் நின்றுபோனவர்களைக் கணக்கெடுத்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும்.

சமுதாயக் கல்லூரியிலிருந்து, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஏற்பாடு கலிபோர்னியாவில் எவ்வாறு இயங்குகிறது, யாரை உயர்த்துகிறது, யாரை உதிர்க்கிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். பாதியில் வெளியேறலாம், பின்னர் திரும்பி வரலாம் என்ற வாக்குறுதியோடு நமது உயர்கல்வி மாற்றியமைக்கப்படும் இக்காலத்தில் இது நமக்கு அயல்நாட்டுச் செய்தி மட்டுமல்ல.

மூன்று அடுக்குகள், ஒரு வாக்குறுதி

அமெரிக்காவின் பழமையான அரசு சமுதாயக் கல்லூரி 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே கற்பிப்பதுதான் அதன் நோக்கம். இந்த எண்ணத்தை ஒரு மாநிலத்தின் முழுக் கல்வி அமைப்பாக வளர்த்தெடுத்தது கலிபோர்னியா. 1960இல் அம்மாநிலம் உயர்கல்விக்கான பெருந்திட்டம் ஒன்றை வகுத்து, கல்வி நிறுவனங்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. பள்ளி இறுதி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். பயன்பெறக்கூடிய மற்ற எவருக்கும் சமுதாயக் கல்லூரி.

இந்தப் படிநிலையைக் கண்டதும் நமக்கு ஐயம் எழுவது இயல்பே. பதினேழு வயதில் பெறும் மதிப்பெண் ஒரு மனிதரின் இடத்தை முடிவு செய்யுமானால், நல்ல பள்ளியும் வசதியான வீடும் வாய்த்தவர்கள் மேலே இருப்பார்கள். மற்றவர்கள் கீழே இருப்பார்கள். திட்டத்தை வகுத்தவர்களும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டாக வேண்டியிருந்தது. அவர்கள் தந்த விடைதான் மாறுதல் சேர்க்கை. கீழடுக்கில் இரண்டு ஆண்டுகள் நன்றாகப் படித்தவர் மேலடுக்கின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக, பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் 40 விழுக்காடும் பிந்தைய ஆண்டுகளின் மாணவர்கள் 60 விழுக்காடும் இருக்கும்படி சேர்க்கையை அமைக்க வேண்டும் என்றும் திட்டம் கூறியது. கதவைத் திறந்து வைத்ததோடு நில்லாமல், உள்ளே நாற்காலியையும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது.

இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகளும் அவற்றில் ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்களும் உள்ளனர். அமெரிக்காவின் மிகப் பெரிய உயர்கல்வி அமைப்பு இதுவே.

ஏணியில் ஏறுவது எப்படி

ஃபிரெஸ்னோ பகுதியில் திராட்சைத் தோட்டத்தில் உழைக்கும் பெற்றோரின் மகள் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் சேர அவருக்கு நுழைவுத் தேர்வு இல்லை. மாநிலத்தில் குடியிருப்போருக்குக் கட்டணம் ஒரு மதிப்பலகுக்கு, அதாவது கிரெடிட்டுக்கு, 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 மதிப்பலகுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர். குறைந்த வருவாய்க் குடும்பத்தவருக்கு அதுவும் தள்ளுபடி செய்யப்படும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலருக்கும் மேல் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும்.

அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமானால் நான்கு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, மாற்றத்தக்க 60 மதிப்பலகுகள். எல்லாப் பாடங்களும் மாற்றத்தக்கவை அல்ல. இரண்டாவது, கட்டாயமாக முடிக்க வேண்டிய ஏழு பாடங்கள்: ஆங்கிலக் கட்டுரைத்திறனில் இரண்டு, கணிதத்தில் ஒன்று, பிற துறைகளில் நான்கு. மூன்றாவது, நான்கு புள்ளி அளவில் குறைந்தது 2.4 சராசரி. இது விண்ணப்பிப்பதற்கான அடித்தளம் மட்டுமே. பெர்க்லியிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ இடம் கிடைக்க இதைவிட மிக அதிகம் தேவை. நான்காவது, தேர்ந்தெடுக்கும் முதன்மைப் பாடத்துக்கான முன்தேவைப் பாடங்கள். இவை வளாகத்துக்கு வளாகம் மாறும். இயற்பியல் பயில ஒரு வளாகம் கேட்கும் கணிதப் பாடங்களின் வரிசை மற்றொரு வளாகம் கேட்பதிலிருந்து வேறுபடலாம்.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை 'அசிஸ்ட்' என்னும் பொது இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். மேலும், இளநிலைப் படிப்புள்ள ஒன்பது வளாகங்களில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தம் தருகின்றன. வகுக்கப்பட்ட பாடங்களை வகுக்கப்பட்ட மதிப்பெண்ணோடு முடித்தால், தேர்ந்த ஒரு வளாகத்தில் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இந்த உறுதியைத் தருவதில்லை. அதிகம் நாடப்படும் வளாகங்களிலேயே உறுதி இல்லாமல் போவது தற்செயல் அன்று.

மாறிச் செல்பவர்கள் தரம் குறைந்தவர்கள் என்ற பேச்சு அங்கும் உண்டு. சேர்ந்தவர்களில் பட்டம் பெறுவோரின் விகிதம், முதலாண்டிலேயே சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராக இருப்பது அந்தப் பேச்சைப் பொய்யாக்குகிறது. 'தகுதி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நாம் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே உதிர்கிறார்கள்

ஆனால் அந்த இடம் வரை வந்து சேர்பவர்கள் எத்தனை பேர்? கலிபோர்னியா மாநிலத் தணிக்கையர் 2024இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை தருகிறது. 2017 முதல் 2019 வரை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதே தம் நோக்கம் எனக் கொண்டிருந்த மாணவர்களில், நான்கு ஆண்டுகளுக்குள் மாறியவர்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். கறுப்பின மாணவர்களிடையேயும் லத்தீன் அமெரிக்க வழி மாணவர்களிடையேயும் விகிதம் இதைவிடக் குறைவு. எல்லோருக்கும் திறந்த கதவின் வழியே நுழைந்தவர்கள், உள்ளே போனபின் பழைய வரிசையிலேயே நிற்கிறார்கள்.

இதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றும் நமக்குத் தெரிந்த முகம் கொண்டவை.

முதற் காரணம் தகவல். நான்கு நிபந்தனைகள், ஒன்பது வளாகங்கள், ஆண்டுக்காண்டு மாறும் பட்டியல்கள், செப்டம்பரில் ஒரு கெடு, அதன்பின் மற்றொரு கெடு. பட்டதாரிப் பெற்றோர் உள்ள வீட்டில் இவை சாப்பாட்டு நேரப் பேச்சு. முதல் தலைமுறை மாணவருக்கு இவற்றைச் சொல்ல வேண்டியவர் கல்லூரியின் வழிகாட்டு ஆலோசகர். ஒருவர் பல நூறு மாணவர்களைக் கவனிக்கும் இடத்தில், சந்திப்பு நேரம் கிடைப்பதே அரிது.

இரண்டாவது காரணம் தொலைந்துபோகும் மதிப்பலகுகள். நாடு முழுவதற்குமான நிலையை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், கல்லூரி மாறும் மாணவர்கள் தாம் பெற்ற மதிப்பலகுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்ததாக 2017இல் மதிப்பிட்டது. படித்த பாடம், எழுதிய தேர்வு, கட்டிய பணம் மூன்றும் புதிய நிறுவனத்தின் ஒரு கையெழுத்தில் மதிப்பிழந்து போகின்றன. அதே பாடத்தை மீண்டும் படிக்க நேரும்போது வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்தான் முதலில் வெளியேறுகிறார்.

மூன்றாவது காரணம் அடிப்படைப் பாடம் என்னும் பொறி. நெடுங்காலம், சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, பெரும்பாலான மாணவர்களை மதிப்பலகு கிடைக்காத தயாரிப்பு வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓராண்டு, ஈராண்டு எனக் கழிந்தபின் கணிதப் பாடத்தின் முதற்படியைக்கூட எட்டாமல் போனவர்கள் ஏராளம். உதவி என்ற பெயரில் வந்த அந்த ஏற்பாடு, ஏழை மாணவரின் காலத்தைத் தின்றது.

நான்காவது காரணம் நுட்பமானது. சான் ஹோசே நகரின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், 1960இல், அதாவது அந்தப் பெருந்திட்டம் வந்த அதே ஆண்டில், ஒரு கட்டுரை எழுதினார். பெருங்கனவோடு வரும் மாணவரின் கனவை மெல்ல மெல்ல ஆற வைப்பதும் இக்கல்லூரிகளின் மறைவான பணிகளில் ஒன்று என்றார் அவர். யாரும் 'நீ போகாதே' என்று சொல்வதில்லை. தயாரிப்பு வகுப்பு, குறைந்த மதிப்பெண், 'உனக்கு இந்தத் தொழிற்படிப்பு பொருந்தும்' என்ற கனிவான அறிவுரை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, மாணவர் தாமாகவே ஆசையைக் குறைத்துக்கொள்கிறார். தோல்விக்கு அமைப்பு பொறுப்பேற்க வேண்டியதில்லை. அவர் தம்மையே நொந்துகொள்வார். 'உங்களுக்கு எதற்கு இந்தப் பெரிய படிப்பு' என்று வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே அது வசவாக வருகிறது. அங்கே அது ஆலோசனையாக வருகிறது.

சட்டம் இட்ட படிகள்

இந்த நிலையைக் கலிபோர்னியாவின் மாணவர்களும் சமூக நீதி அமைப்புகளும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் தொடர்ந்து வற்புறுத்தியதால் சட்டங்கள் வந்தன. மாறுதலுக்கான இணைப் பட்டத்தை 2010ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது. 60 மதிப்பலகுகளோடு அதை முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. அங்கே மேலும் 60 மதிப்பலகுகளில் பட்டம் முடித்துவிடலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டம், மாணவர்களை இட்டம்போலத் தயாரிப்பு வகுப்புகளுக்குத் தள்ளுவதைக் கட்டுப்படுத்தி, பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில்கொண்டு நேரடியாக மாற்றத்தக்க பாடத்தில் சேர்க்கச் சொன்னது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவான ஒரே அடிப்படைப் பாடத்திட்டம் 2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

மூன்று சட்டங்களுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. வழியைத் தேடிக் கண்டுபிடிக்கும் சுமையை மாணவரின் தோளிலிருந்து இறக்கி நிறுவனத்தின் தோளில் ஏற்றுகின்றன.

சட்டத்துக்கு முன்பே மக்கள் இட்ட படிகளும் உண்டு. 1981இல் ஹேவர்டு நகரின் சாபோ கல்லூரியில் தொடங்கிய புவெந்தே திட்டம் அவற்றில் ஒன்று. ஸ்பானிய மொழியில் புவெந்தே என்றால் பாலம். மெக்சிக அமெரிக்க மாணவர்களுக்கு அவர்களது சமூகத்தின் இலக்கியத்தைக் கொண்டே ஆங்கில எழுத்துப் பயிற்சி, ஓர் ஆலோசகரின் தொடர்ந்த வழிகாட்டல், அதே சமூகத்திலிருந்து படித்து முன்னேறிய ஒருவரின் துணை ஆகிய மூன்றையும் அது ஒன்றாகப் பிணைத்தது. பின்னர் மாநிலத்தின் பல கல்லூரிகளுக்குப் பரவியது. கறுப்பின மாணவர்களுக்காக உமோஜா என்னும் அமைப்பும் இவ்வாறே இயங்குகிறது. நம் ஊர்களில் இரவுப் பாடசாலைகளும் அம்பேத்கர் படிப்பகங்களும் செய்துவந்த பணிக்கு இவை நெருங்கிய உறவு.

ஏணி இடஒதுக்கீட்டுக்கு மாற்று ஆகுமா?

பின்தங்கியவர்களுக்குச் சேர்க்கையில் தனி இடம் வேண்டாம், கீழிருந்து ஏறிவர வாய்ப்பு மட்டும் கொடுங்கள் என்ற வாதம் இங்கே அடிக்கடி ஒலிக்கிறது. கலிபோர்னியா அந்தச் சோதனையைச் செய்து பார்த்த மாநிலம். 1996இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209ஆம் முன்மொழிவு, அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதைத் தடை செய்தது. தடையின்படி நடந்த 1998ஆம் ஆண்டு முதலாண்டுச் சேர்க்கையில், பெர்க்லியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வழி, பூர்வகுடி மாணவர்களுக்குக் கிடைத்த அனுமதி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

அதன்பின் பல்கலைக்கழகம் மாறுதல் சேர்க்கை உள்ளிட்ட பல வழிகளைப் பெரிதாக்கியது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அது தாக்கல் செய்த மனுவில், 2004 முதல் இன அடிப்படையற்ற முயற்சிகளுக்கு 50 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டும், மாநிலத்தின் மக்களைப் பிரதிபலிக்கும் மாணவர் அமைப்பை எட்ட இயலவில்லை என ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில்கொள்ளும் சேர்க்கை முறையை நாடு முழுவதற்கும் செல்லாததாக்கியது.

நாம் இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. ஏணி தேவை, ஆனால் அது இடஒதுக்கீட்டின் இடத்தை நிரப்பாது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஏணியின் மேற்படியில் நமக்கென ஓர் இடம் இருக்கும்.

அங்கே செல்ல எண்ணும் மாணவர்களுக்கு

இந்த வழியை இந்திய மாணவர்களுக்கு விற்கும் முகவர்கள் இன்று பெருகியுள்ளனர். நம் மாணவர்கள் சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 46 டாலர் கட்டணம் அம்மாநிலத்தில் குடியிருப்போருக்கு மட்டுமே. வெளிநாட்டு மாணவர் அதைப்போல் பல மடங்கு செலுத்த வேண்டும். குறைந்தபட்சச் சராசரியும் அவர்களுக்கு 2.4 அன்று, 2.8. பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின் வழக்கமான கட்டணத்தோடு, வெளியாருக்கான கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் மேல் கட்ட நேரும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கு உண்டு என்றாலும், அது முதுகலைக்கும் முனைவர் ஆய்வுக்கும் மட்டுமே உரியது. இளநிலைப் படிப்புக்காகச் சமுதாயக் கல்லூரிக்குச் செல்பவருக்கு அது துணை வராது. குடும்ப நிலத்தை அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு, இங்கே இளநிலைப் பட்டம் முடித்து உதவித்தொகையோடு முதுகலைக்குச் செல்வதே பாதுகாப்பான வழி.

சாதி அங்கேயும் பின்தொடர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தலித் மாணவர்களும் தோழமை அமைப்புகளும் போராடியதன் பயனாக, 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களிலும் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. மாநிலம் முழுவதற்குமாக நிறைவேற்றப்பட்ட சட்ட முன்வடிவை 2023 அக்டோபரில் ஆளுநர் தடுத்து நிறுத்தினார். எனவே சேரும் கல்வி நிறுவனத்தின் விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டணத்தைப் பார்ப்பதைப் போலவே தேவையானது.

நம் மண்ணில் கேட்க வேண்டிய கேள்விகள்

தேசியக் கல்விக் கொள்கை 2020, பட்டப் படிப்பிலிருந்து ஓராண்டில் சான்றிதழோடும் ஈராண்டில் பட்டயத்தோடும் வெளியேறலாம் என்கிறது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கல்வி மதிப்பலகு வங்கியில் பெற்ற மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கலாம் என்கிறது. ஏட்டில் இது ஏணியைப் போலவே தோன்றுகிறது.

ஆனால் யார் வெளியேறுவார்கள்? 2023 டிசம்பரில் மக்களவையில் ஒன்றிய அரசு அளித்த விடையின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 13,626 பேர் இடைநின்றுள்ளனர். அவர்களில் பட்டியல் சாதியினர் 3,680 பேர். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் உண்டு, அவர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்கிறார்கள் என்று அரசு விளக்கம் கூறியது. எங்கே சென்றார்கள், சென்ற இடத்தில் பட்டம் பெற்றார்களா என்ற கணக்கு அந்த விடையில் இல்லை. இடைநிற்றலுக்கு மாறுதல் என்று பெயர் சூட்டுவது எவ்வளவு எளிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இங்கே மெய்யான ஏணி ஒன்றும் உண்டு. பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தமிழ்நாட்டில் சிற்றூர்களின் எத்தனையோ தலித் இளைஞர்கள் பொறியாளர்களானது இந்த வழியில்தான். அந்த ஏணி ஐஐடிகளின் வாசல் வரை நீள்வதில்லை. அங்கே பி.டெக். படிப்புக்குப் பட்டயத்தின் வழியே சேர்க்கை கிடையாது. அதிகம் நாடப்படும் இடத்தில் உறுதி இல்லாமல் போவதை நாம் கலிபோர்னியாவிலும் கண்டோம்.

ஆகவே வெளியேறும் வழிகளைப் பற்றிப் பேசும் எவரிடமும் நாம் நான்கு கேள்விகளை முன்வைக்க வேண்டும். வெளியேறியவர் திரும்பி வரும்போது அவருக்கு இடம் சட்டப்படி உறுதியா, அல்லது காலியிடம் இருந்தால் மட்டுமா? அவர் சேமித்த மதிப்பலகுகளை ஏற்க மறுக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டா? மறுநுழைவு இடங்களுக்கும் மாறுதல் இடங்களுக்கும் இடஒதுக்கீடு பொருந்துமா? வெளியேறியவர்கள், திரும்பியவர்கள், பட்டம் பெற்றவர்கள் ஆகியோரின் எண்ணிக்கை சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்படுமா?

இந்த நான்குக்கும் எழுத்தில் விடை வரும் வரை, அவர்கள் காட்டுவது வெளியே போகும் வழியை மட்டுமே என்று நாம் கொள்ள வேண்டும். மாணவர் அமைப்புகள் தத்தம் பல்கலைக்கழகத்தின் பதிவாளரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இக்கேள்விகளை அனுப்பலாம். கலிபோர்னியாவிலும் ஐவரில் ஒருவர் என்ற உண்மை, தணிக்கையர் கணக்கெடுத்து வெளியிட்ட பிறகுதான் மறுக்க முடியாததாக ஆனது.